ஒற்றை முடிப் பூட்டு

அத்தியாயம் 5

ஆமை மல்லாந்து கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் கிடந்த ஆமை கழுத்தை நீட்டி மேசையில் ஊன்றி, ஓர் உலுக்கு உலுக்கித் தானாகவே நிமிர்ந்தது. கைதட்டலாம் என்று நான் கையைத் தூக்குவதற்குள் பேனா வைக்கும் குவளை வரை நடந்துபோய், தொப்பென்று மறுபடியும் மல்லாந்தது.

“என்னை மாதிரியே இருக்கு,” என்றேன். “காலைல எந்திரிக்கிறது பெருசில்ல. அப்புறம் நிக்கணும்ல.”

“மாமா,” என்றாள் என் மருமகள். வாயை மூடு என்பதற்கு அவள் வைத்திருக்கும் மரியாதையான சொல் அது.

மருமகள் துப்பறிவாளர். லேமினேஷன் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் அவள் அலுவலகம். என் மகன் கப்பலில் இருக்கிறான். நான் இவளுக்கு உதவியாளன். உத்தியோக காலம் முழுக்க லிஃப்ட் இயக்கியவன். ஒருநாள் பொத்தானை அழுத்திவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். கட்டடம் தீர்ந்துபோன பிறகும் லிஃப்ட் மேலே போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கதவைத் திறந்தால் மேகம். ஒரு கழுகு உள்ளே வந்து மூலையில் நின்றுகொண்டது, தரைத்தளத்தில் இறக்கிவிட்டேன். இதை இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. மருமகளும் நம்பவில்லை. ஆனால் இவ்வளவு நிமிர்ந்து நின்று புளுகுகிறவருக்கு அடுத்தவர் புளுகும்போது கட்டாயம் தெரியும் என்று சொல்லி வேலைக்கு வைத்துக்கொண்டாள்.

ஆமையைக் கொண்டுவந்தவள் பொம்மைக் கம்பெனியில் பொம்மைகளை வரைகிற பெண். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை. அழுகையை எங்கேயோ முடித்துவிட்டு வந்திருந்தாள்.

அவள் சொன்னது இதுதான். மேசைமேல் கிடக்கும் சிவப்பு ஆமை போட்டிக் கம்பெனியின் சரக்கு. போன வாரம் கடைக்கு வந்தது. ஆனால் அது இவள் வரைந்த ஆமை. இவளுடைய கம்பெனி இன்னும் அதைத் தயாரிக்கவே தொடங்கவில்லை. படம் இருந்தது ஒரே இடத்தில்தான்: அவளுடைய மேலதிகாரியின் லேப்டாப்பில். வரைகிறவர்களிடம் சாயங்காலத்துக்கு மேல் எதுவும் தங்கக்கூடாது என்பது கம்பெனி வழக்கம். அன்றன்று வரைந்ததை அவர் தன் லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டு, மற்ற கணினிகளைத் துடைத்துவிடுவார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பெட்டகம்.

பெட்டகமும் இவளும் வெளியூர்க் கண்காட்சிக்கு ரயிலில் போனார்கள். ஓட்டலில் ஆளுக்கொரு அறை. மறுநாள் மத்தியானம் அவர் லேப்டாப்பைத் தன் அறையில் வைத்துவிட்டு, கீழே விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தார். மேலே போய் மாதிரிப் பொம்மையை எடுத்து வரச் சொல்லி இவளிடம் அறைச் சாவியைக் கொடுத்தார். இவள் போனாள், எடுத்தாள், வந்தாள். அவர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது லேப்டாப் பையில் வைத்திருந்த முத்திரை விட்டுப்போயிருந்தது. அப்போது சந்தேகத்தை மனசுக்குள் போட்டு மூடிக்கொண்டார். சிவப்பு ஆமை கடைக்கு வந்ததும் திறந்துவிட்டார்.

“இன்னிக்குச் சாயங்காலம் முதலாளியம்மா என்னை அனுப்பிடுவாங்க. காரணத்தையும் எல்லாப் பொம்மைக் கம்பெனிக்கும் சொல்லிடுவாங்க,” என்றாள். “அதுக்கப்புறம் ஒரு விசில்கூட எனக்கு வரையக் கிடைக்காது.”

மருமகள் சிவப்பு ஆமையை மறுபடி மல்லாத்தினாள். அது நிமிர்ந்தது, நடந்தது, விழுந்தது.

“உன் ஆமையும் இப்படித்தான் விழுமா?”

அந்தப் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. “முதல்ல விழுந்துச்சு. வால்ல எடை பத்தல. ஓட்டல்ல போய் இறங்கின அன்னிக்கே சரி பண்ணிட்டேன். அவர் லேப்டாப்ல, அவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டேதான்.”

பையிலிருந்து ஒரு பச்சை ஆமையை எடுத்து வைத்தாள். திருத்திய படத்தைப் பார்த்துக் கையால் செய்த மாதிரி. அது மல்லாந்தது, நிமிர்ந்தது, மேசையின் அந்தக் கோடி வரை போயிற்று. நான் பிடிக்காவிட்டால் மாடிப்படி இறங்கி வீட்டுக்கே போயிருக்கும்.

“திருத்தினப்போ பழைய படத்தை என்ன பண்ணினே?”

“அதுமேலயே சேமிச்சிட்டேன். பழசு இப்ப எங்கயும் இல்ல.”

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டாள். படியிறங்கும்போதுதான் என்னிடம் சொன்னாள். லேப்டாப்பில் கைவைத்தவன் ஓட்டலில் வைத்திருந்தால் விழாத ஆமை கிடைத்திருக்கும். கடையில் இருப்பதோ விழுகிற ஆமை. ஆகையால் திருட்டுப்போனது பயணத்துக்கு முந்தைய படம்.

“வரைஞ்சவளே அவதானேம்மா. முன்னாடியே ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருந்தா?” என்றேன். எனக்கு யார்மேலும் சந்தேகம் வரும். கண்ணாடி பார்க்கும்போதுகூட ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

“அப்படித்தான் சொல்லுவாங்க. அதனால பழைய படம் வேற யார்கிட்ட இருந்துச்சுன்னு சாயங்காலத்துக்குள்ள பார்க்கணும்.”

பெட்டகத்தின் அறை குளிர்பதனப் பெட்டிக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. ஏசி அவ்வளவு வேகம். மனிதருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். தலையில் மட்டும் இருபத்தைந்து. அலையலையாக, கன்னங்கரேலென்று, ஒரு முடி இன்னொரு முடியோடு சண்டை போடாத தலை. முழுத் தேங்காய்போல் வழுக்கையான எனக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

உள்ளே போனதும் என் செல்போனை அணைக்கச் சொன்னார். ஏற்கெனவே அது அப்படித்தான் இருக்கிறது, போன தீபாவளிக்கே பேட்டரி உப்பிப் போச்சு என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டேன். அவர் தன்னுடைய போனை ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் வைத்து மூடியிருந்தார். அலை புகாதாம். லேப்டாப்பின் கேமரா கண்ணில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பாஸ்வேர்டை ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மாற்றுவாராம். பயணத்தில் விரதம் இருப்பதில்லை என்பதையும் சொன்னார். ரயிலில் லேப்டாப் பைதான் தலையணை, அதன் வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டுதான் படுப்பது.

“ஸ்டேஷன்ல இலவசமா வர்றது ரெண்டு. கொசு, வைஃபை. ரெண்டும் ரத்தம் உறியத்தான் வருது,” என்றார். பொது இடத்தில் சார்ஜ் போடுகிறவர்களைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளித்தார். “அடுத்தவன் பிரஷ்ல பல்லு விளக்குவீங்களா? அது மாதிரிதான் அதுவும்.”

கேட்கக் கேட்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இவ்வளவு காபந்து பண்ணுகிறவர் வீட்டில் திருட்டுப் போனால், ஒன்று திருடன் மேதாவியாக இருக்க வேண்டும், அல்லது இவர் எதையோ மறைக்க வேண்டும். மேதாவிகள் பொம்மை ஆமைக்கு வருவதில்லை.

அந்த முத்திரையை எப்படி வைப்பீர்கள் என்று மருமகள் கேட்டாள். தன் கைப்பையையே நீட்டி, இதில் வைத்துக் காட்டுங்கள் என்றாள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். மறுநொடி திரும்பியபோது விரல் நுனியில் ஒற்றை முடி. சட்டைப் பையிலிருந்து பெயர் சுரண்டப்பட்ட சின்ன பசைக்குழாயை எடுத்து, முடியின் இரண்டு முனையிலும் துளித்துளி வைத்து, கைப்பையின் ஜிப் பல்லின் குறுக்கே ஒட்டினார். யாராவது ஜிப்பை இழுத்தால் முடி விட்டுப்போகும். வைத்ததும் ஒரு படம் எடுத்துக்கொள்வார், திரும்பி வந்ததும் ஒரு படம்.

ஓட்டலில் எடுத்த படத்தைக் காட்டினார். முடியின் ஒரு முனை ஒட்டியிருந்தது, மறு முனை தொங்கியது.

“அறுக்கலையே. ஒரு பக்கம் விட்டிருக்கு, அவ்வளவுதான்,” என்றாள் மருமகள்.

“இழுக்காம விடாதும்மா. நல்ல பசை.”

தேநீர் வந்தது. மருமகள் அவசரமில்லாமல் குடித்தாள். பாதிக் கோப்பையில்தான் கேட்டாள், அந்தப் படத்துக்கு வேறு நகல் உண்டா என்று.

“கிடையவே கிடையாது. இந்த லேப்டாப்பை விட்டா உலகத்துல எங்கயும் கிடையாது,” என்றவர், வலது கையை உச்சந்தலைக்கு ஓர் அங்குலம் மேலே பிடித்து, பூனைக்குட்டியைத் தடவுவதுபோல் பட்டும் படாமல் வைத்தார். “என் தலைமேல சத்தியம்.”

நான் கீழே பார்த்தேன். மருமகளின் மடியில் கைப்பை. யாரும் தொடாத அந்த ஜிப்பின் மேல் முடியின் ஒரு முனை தானாகக் கிளம்பி, ஏசிக் காற்றில் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

வாசலுக்கு வந்ததும் நான்தான் முதலில் பேசினேன்.

“ஏம்மா, ஒரு தடவை மூக்குல ஒரே ஒரு முடியைப் பிடுங்கிட்டு நான் போட்ட தும்மல்ல லிஃப்ட் ரெண்டு மாடி இறங்கிடுச்சு. இவர் தலைல பிடுங்கறாரு, முதுகு அசையல, தோள் அசையல. திரும்பினா கண்ணுல சொட்டுத் தண்ணி இல்ல.”

“பார்த்தேன் மாமா. அந்தப் பசை மட்டும் கைக்குக் கிடைச்சா நல்லாருக்கும்.”

“எந்தப் பசை? தானா என் ஜோபிக்குள்ள விழுந்துச்சே, அதுவா?”

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள். கைப்பையிலிருந்த முடியை எடுத்து, ஒரு முனையைப் புறங்கையில் ஒட்டினாள். ஊதினாள், இழுத்தாள். தோல்தான் வந்தது, முடி வரவில்லை. மறு முனையை நிழலில் சில்லிட்டுக் கிடந்த வாசல் கம்பியில் ஒட்டினாள். நாங்கள் தெருவைக் கடக்க வண்டி பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் அது விட்டுவிட்டது. உடம்புச் சூட்டில் பிடிக்கிற பசை. சில்லென்ற இரும்பில் நிற்காது. நாடகக்காரர்கள் மீசை ஒட்டுகிற பசை. ஓட்டலிலும் ஏசிதான். அந்தப் பெண் கைவைக்கவே வேண்டாம். முத்திரை தானாகவே தன்னை உடைத்துக்கொண்டிருக்கும்.

குழாயின் அடியில் கடைச் சீட்டு பாதி ஒட்டியிருந்தது. நாடக முடி, மீசை, தாடி. தெருப்பெயரும் இருந்தது.

தையல் கடைகள் நெருக்கியடித்த சந்து அது. கடைசிக் கடைக்குள் மரத்தலைகள் வரிசையாக முடி சூடிக்கொண்டு எங்களை முறைத்தன. தரையில் இரண்டு சாக்கு நிறையக் குழந்தைப் பொம்மைத் தலைகள்; பாதிக்கு முடி நட்டிருந்தது, பாதி என் கட்சி. கடைக்காரர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தார். என் தலையைப் பார்த்ததும் அவர் முகத்தில் பரந்த நிலத்தைப் பார்த்த விவசாயியின் சந்தோஷம்.

இனி என் பாடு. அடிக்கடி வெளியூர் போகிறவன், போகிற இடத்தில் மரியாதை இல்லை, முடி இருந்தால் வரும் என்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். மருமகள் என் மகளாக மாறி, அப்பா சொன்னால் கேட்க மாட்டார் என்று அலுத்துக்கொண்டாள். அவர் நாடாவை என் தலையில் சுற்றினார்.

“பயணம் ஜாஸ்தியா? அப்ப உள்ள பை வச்சது எடுத்துக்கங்க,” என்றார்.

“முடிக்குள்ள பையா?”

ஒரு விக்கைக் கவிழ்த்துக் காட்டினார். உள்துணியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மடிப்பு. “ஓட்டல்ல பெட்டியைத் திறப்பான், பர்ஸைத் திறப்பான். தலையை எவன் திறப்பான்? பெரிய பெரிய ஆளுங்க வச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி துவைக்கக் கொண்டு வருவாங்க. வைக்கவேண்டியதை என் கையில கொடுத்துட்டா உள்ள வச்சுத் தைச்சிடுவேன். நான் எதையும் பார்க்கறதில்ல, எனக்கு அதெல்லாம் தெரியவும் தெரியாது.”

“அதுவரைக்கும் அவங்க தலை?” என்று கேட்டாள் மருமகள்.

“பின்னால ரூம்ல துண்டு போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. வெளிய வர மாட்டாங்கல்ல.”

அப்படியானால் முன்னால் என்ன நடந்தாலும் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. ரகசியப் பை என்று ஒன்று இருந்தால் அதைத் தைத்தவன் என்று ஒருத்தன் இருப்பான். இதை நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தபோது, மருமகள் தையல் மெஷின் மேலிருந்து எதையோ எடுத்தாள். வெட்டிய நூல் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்த பச்சை ஆமை.

மல்லாத்தி வைத்தாள். அது யோசித்தது, நிமிர்ந்தது, கத்தரிக்கோல் வரை நடந்து தொப்பென்று விழுந்தது.

“பேரனுக்குக் கடையில வாங்கினேன்,” என்றார் அவர்.

“கடையில சிவப்பு மட்டும்தானே விக்குது? படத்துல பச்சை. செஞ்சு பார்த்த முதல் ஆமைதான் பச்சையா இருந்திருக்கும், அப்புறம் நிறத்தை மாத்தியிருப்பாங்க. முதல் ஆமை யார் கொடுத்தாங்க? இந்தப் பொம்மைத் தலையெல்லாம் கொடுத்தவங்களா?”

என் தலையைச் சுற்றியிருந்த நாடா இறுகியது. என் வாழ்க்கையில் ஒரே முறைதான் மூளையை யாரோ அளந்தார்கள், அதுவும் கோபத்தில்.

“நான் ஒண்ணும் பூட்டை உடைக்கல,” என்றார் கடைக்காரர் மெல்ல. “அவரே கையில கொடுத்தாரு. பூட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுல பையன் கம்ப்யூட்டர் வச்சிருக்கான்.” நகல் எடுத்துக் கொடுத்தால் ஆண்டு முழுக்கப் பொம்மைக்கு முடி நடுகிற வேலை தருகிறோம் என்று போட்டிக் கம்பெனிக்காரர்கள் சொன்னார்களாம். நாடகமெல்லாம் ஓய்ந்துபோன சந்தில் அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முதலாளியம்மா பேனா மூடியைக் கழற்றியிருந்தார். அந்தப் பெண் சுவரோரமாக நின்றாள். பெட்டகம் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

மருமகள் இரண்டு ஆமைகளையும் நடக்கவிட்டாள். கடைக்கு வந்தது விழுகிற ஆமை, ஓட்டல் லேப்டாப்பில் இருந்தது விழாத ஆமை என்று சுருக்கமாகச் சொன்னாள். பெட்டகம் தயாராகத்தான் இருந்தார். பழைய படத்தை அவளே முன்னாடி எடுத்து வைத்திருப்பாள், வேறு யாரிடம் இருக்க முடியும் என்றார். முதலாளியம்மாவின் பேனா காகிதத்தைத் தொட்டது.

மருமகள் பசைக்குழாயைப் பெட்டகத்தின் எதிரில் வைத்தாள். முடிக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“வேற நகல் இல்லன்னு காலைல தலைமேல சத்தியம் பண்ணீங்க சார். அம்மா முன்னாடி இன்னொரு தடவை பண்ணிடுங்க. நாங்க கிளம்பிடறோம்.”

அவர் கையைத் தூக்கினார். கை உச்சந்தலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குழாயைப் பார்த்தார், அதிலிருந்த கடைச் சீட்டைப் பார்த்தார். சுவரோரமாக நின்ற பெண்ணைப் பார்த்தார். நான் எத்தனையோ பேரை மேலேயும் கீழேயும் கொண்டு போயிருக்கிறேன். உட்கார்ந்த இடத்திலேயே அவ்வளவு தூரம் இறங்கிய ஆளைப் பார்த்ததில்லை.

நெற்றியோரத்தில் விரலை விட்டு, அந்த அலையலையான முடியை மொத்தமாகக் கழற்றி மேசைமேல் வைத்தார். உள்துணியின் தையலை மருமகள் நகத்தால் பிரித்தாள். நகம் அளவு பென்டிரைவ் ஒன்று உருண்டு வந்தது.

“லேப்டாப் தொலைஞ்சா என்ன பண்றதுன்னு…” என்றார்.

“இதுக்குப் பாஸ்வேர்டு?”

“தலைக்குள்ள இருக்கறதுக்கு எதுக்கும்மா பூட்டு?”

கடையில் நடந்ததை மருமகள் சொன்னாள். பெட்டகத்தின் வழுக்கை வேர்த்தது. தன் தலை வழுக்கை என்று தெரிந்தால் இந்தக் கம்பெனி தாங்காது என்று அவர் நினைத்தார் போலிருக்கிறது. அந்தப் பெண்ணின் வேலையைவிட அது பெரிதாக இருந்திருக்கிறது.

முதலாளியம்மா பேனாவை மூடினார். “முடி விஷயம் நீங்க சேர்ந்த அன்னிக்கே தெரியும் சார். ஃபேன் இருக்கற பக்கம் நீங்க உட்கார்ந்ததே இல்லையே. பேக்கிங்ல இருக்கற பசங்க வரைக்கும் தெரியும். உள்ள பென்டிரைவ் இருந்ததுதான் தெரியாது.”

பெட்டகம் மெல்ல அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “உனக்குமா?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ரயில்ல தூங்கறப்போ கழண்டு கீழ விழுந்துடுச்சு சார். பையைத் தலைக்கு வச்சு, வாரைக் கால்ல சுத்திக்கிட்டுத் தூங்கிட்டிருந்தீங்க. யாராவது மிதிச்சிடுவாங்கன்னு எடுத்து, தூசி தட்டி, எழுப்பாம மாட்டிவிட்டேன். யார்கிட்டயும் சொல்லல. இவங்ககிட்டகூடச் சொல்லல.”

அவர் காவல் காத்தது லேப்டாப்பை. கம்பெனியின் படங்கள் எல்லாம் அந்த ராத்திரி கொஞ்ச நேரம் இவள் உள்ளங்கையில் இருந்திருக்கின்றன. தூசி தட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு இந்த மாதிரி அமைதி ஒத்துக்கொள்ளாது. ஆகவே அவளுடைய பச்சை ஆமையை எடுத்து, மேசை நடுவில் மல்லாத்தினேன். அது நிமிர்ந்தது. பேனாவைத் தாண்டியது, பசைக்குழாயைச் சுற்றிக்கொண்டது, விழவில்லை. முதலாளியம்மா அதைப் பார்த்துக்கொண்டே, இதைப் பச்சையாகவே செய்யலாம், வரைந்தவள் பெயரைப் பெட்டிமேல் போட்டுவிடலாம் என்றார். ஆமை அதைக் காதில் வாங்காமல் மேசை விளிம்பைப் பார்த்து நடந்தது.

விளிம்புக்கு அந்தப் பக்கம் பெட்டகம் உட்கார்ந்திருந்தார். சட்டென்று குனிந்து, தன் முடியைக் கவிழ்த்து இரண்டு கையாலும் ஏந்தினார். ஆமை அதற்குள் விழுந்தது. இடம் மெத்தென்று இருந்திருக்க வேண்டும். வெளியே வரவே இல்லை. அவர் அதைக் கலைக்காமல் அப்படியே எழுந்து, வழுக்கைத் தலையோடு அறையைக் கடந்து, வரைந்தவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.